வெளிச்சம் பட்டால் விழிக்கும் மருந்து

அந்த மார்கழியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டின் எல்லா ஜன்னல்களிலும் கறுப்புக் காகிதம் ஒட்டினோம். என் கணவர் ஆவடி மார்க்கெட்டிலிருந்து கெட்டிக் காகிதமாகப் பார்த்து வாங்கி வந்தார். மகள் மைதாப் பசை காய்ச்சினாள். சமையலறைக் காற்றுப் போக்கிக்குப் பழைய கம்பளியை மடித்துச் சொருகினோம். பட்டப்பகலில் வீட்டுக்குள் மங்கலாக ஒரு சின்ன பல்பு மட்டும் எரிந்தது.

எதிர்வீட்டுப் பெண் இரண்டு நாள் பார்த்தாள். மூன்றாம் நாள் கேட்டேவிட்டாள்.

"ஏன்க்கா, உள்ள போட்டோ கீட்டோ கழுவுறீங்களா?"

"நான்தாம்மா போட்டோ. வெளிச்சம் பட்டா கெட்டுப் போயிடுவேன்."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

அந்த நாட்களைப் பற்றி எங்கள் சொந்தத்தில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். சூரிய பகவான் என்னைத் தண்டித்தார் என்று ஒரு கதை. எனக்குச் சித்தம் கலங்கி இருட்டில் உட்கார்ந்திருந்தேன் என்று இன்னொரு கதை. நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எழுதிப் பழக்கமில்லை. ஆனாலும் என் உடம்பில் நடந்ததை என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. அதனால் நானே எழுதுகிறேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் என் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய். அந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் லைனில் யாரும் இந்தச் சொல்லைச் சொல்ல மாட்டார்கள். "அந்தம்மாவுக்குக் கட்டி" என்பார்கள். எங்கே கட்டி என்று கேட்டால் கண்ணால் கீழே காட்டுவார்கள். நான் வாயைத் திறந்து சொல்லிவிடுவேன். நான் திருடவில்லை, எதற்கு மறைக்க வேண்டும்? மார்பை எடுத்தார்கள். தழும்பின்மேல் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். பாட்டில் பாட்டிலாக மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, மறுபடி முளைத்தது. எல்லாம் முடிந்தது என்று அம்மனுக்கு மாவிளக்கும் போட்டு வந்தேன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை குளிக்கும்போது மஞ்சள் தேய்த்த கை தழும்பின் ஓரத்தில் தடுக்கியது. மிளகு மாதிரி ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஒரு மாதத்துக்குள் ஏழு ஆகிவிட்டது.

நகரத்தில் நான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் இருந்தார். என்னைவிட வயதில் சின்னவர். அவர் ஒளிக்காமல் சொன்னார். மறுபடி வெட்டினால் மூடுவதற்குத் தோல் இல்லை. கரண்ட் இனி வைக்க முடியாது, வைக்கக்கூடிய அளவு வைத்தாகிவிட்டது. பாட்டில் மருந்தை இந்த மிளகுகள் மதிக்கவில்லை. ஒரே ஒரு வழி பாக்கி, அதுவும் ஆராய்ச்சி. பெரிய டாக்டர் ஒருவர் நடத்துகிறார். சிலரைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள்.

"மருந்தை ரத்தத்துல ஏத்துவோம்" என்றார் லேடி டாக்டர். "உடம்பு முழுக்கப் போகும். ஆனா அதுவா ஒண்ணும் செய்யாது. தூங்கிட்டே இருக்கும். சிவப்பு வெளிச்சம் எந்த இடத்துல படுதோ அந்த இடத்துல மட்டும் முழிச்சுக்கும். முழிச்ச இடத்துல புத்து செத்துப் போகும்."

என் கணவர் தொழிற்சாலையில் வெல்டர். அவர் உடனே கேட்டார். "நம்ம வெல்டிங் ராடு மாதிரிங்களா? ராடு பூரா மருந்து பூசியிருக்கும். ஆனா ஆர்க் வெளிச்சம் புடிக்கிற நுனியிலதான் உருகும்."

"அப்படியே வெச்சுக்கங்க" என்று டாக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "மத்த சதையெல்லாம் மருந்தைச் சீக்கிரம் விட்டுடும். புத்து கொஞ்ச நாள் புடிச்சு வெச்சுக்கும். அதனால ரெண்டு நாள் கழிச்சுதான் வெளிச்சம் காட்டுவோம். ஆனா தோல்லயும் கொஞ்சம் தங்கிடும்மா. நாற்பது நாள் வெயில்ல வரவே கூடாது. பட்டா வெந்துடும். எது நல்ல தோல், எது புத்துன்னு வெயிலுக்குத் தெரியாது."

"சாமி விளக்கு ஏத்தலாமா?" என்று கேட்டேன்.

"தாராளமா."

"கற்பூரம்?"

"அதுவும் ஏத்தலாம்."

"காலையில சூரிய நமஸ்காரம்?"

"அம்மா, நான் இவ்வளவு நேரம் என்ன சொல்லிட்டு இருக்கேன்?"

ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார்கள். பேனாவை என் கணவரிடம் கொடுத்தார்கள். அவர் மூடியைக் கழற்றினார், மறுபடி மாட்டினார். "நான் போட்டா நானே உன்னை அனுப்பி வெச்ச மாதிரி ஆயிடுமே" என்றார். பேனாவை அவர் கையிலிருந்து வாங்கினேன். "நெஞ்சு என்னுதுங்க" என்று சொல்லி என் பேரை எழுதினேன். ஐந்து எழுத்துப் பேர்தான். நிறுத்தி நிதானமாக எழுதினேன்.

ஊசி ஏற்றும்போது அம்மனிடம் பேசினேன். நான் அவளிடம் கெஞ்சிப் பேசுகிற ஆள் இல்லை. "ரெண்டு வருஷமா நீ செய்வேன்னு பார்த்தேன். இப்போ நான் ஒண்ணு செய்யறேன். நீ கூட வந்து நில்லு" என்றேன்.

இரண்டு நாள் கழித்து ஓர் அறையில் படுக்க வைத்தார்கள். முடி கனத்தில் ஒரு கண்ணாடி நூல். அதன் நுனியிலிருந்து சிவப்பாக வெளிச்சம் விழுந்தது. அம்மன் நெற்றிக் குங்குமத்தின்மேல் விளக்கொளி பட்டால் எப்படி இருக்கும், அந்தச் சிவப்பு. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மிளகாய் அரைத்த கையைப் புண்ணில் வைத்த மாதிரி எரிந்தது. மனசுக்குள் நூற்றெட்டுப் போற்றி சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு முறை சொல்லி முடித்தால் ஓர் இடம் முடிந்து அடுத்த இடத்துக்கு நகர்த்துவார்கள். எரிந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். மருந்து எழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

பொழுது சாய்ந்த பிறகு ரயிலேறி வீட்டுக்கு வந்தோம்.

வீட்டுக்குள் இருப்பது பெரிய காரியமா என்று கேட்பவர்கள் ஒரு நாள் இருந்து பார்க்கட்டும். விடிவதற்கு முன் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தால் இனி பொழுது சாய்ந்துதான் வாசல். வாசல் கதவின் சாவித் துளை வழியாக மட்டும் காலையில் ஒரு பொட்டு வெயில் உள்ளே விழும். தரையில் அது நகர நகர நான் காலை ஒதுக்கிக்கொண்டு நடப்பேன். துணி காயப்போடுவதும் மகள்தான், காய்கறிக்காரியிடம் பேரம் பேசுவதும் மகள்தான். அவளுக்குப் பேரம் பேசத் தெரியவில்லை என்று நான் கதவுக்குப் பின்னாலிருந்து கத்துவேன். குளித்ததும் கிழக்கே பார்த்து ஜன்னலில் ஒட்டிய காகிதத்தைக் கும்பிடுவேன். அதற்கு அந்தப் பக்கம்தானே சூரிய பகவான் நிற்கிறார்.

தழும்பில் புண் காய்ந்து கறுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. பொருக்குக்கு அடியில் மிளகுகள் செத்தனவா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. அது உதிர்ந்தால்தான் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு விஷயம்தான். மகள் அந்த வருடம் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

பொங்கலுக்குப் பத்து நாள் முன்னால் அம்பத்தூரிலிருந்து என் நாத்தனார் வந்தார். என் கணவருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். வாசலிலேயே நின்று மூக்கைச் சுருக்கினார்.

"இன்னாடி இது, எழவு ஊடு மாதிரி. மூஞ்சியப் பாக்கலாம்னு வந்தா மூஞ்சியே தெரியல."

"உள்ள வாங்க அண்ணி. கதவைச் சாத்துங்க."

உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தார். "தூங்குற மருந்தாம், முழிக்கிற மருந்தாம். ஏன்டா, நீயும் இதை நம்பிகினு குந்திகினு கீறியே. வெறும் தண்ணியை ஏத்தி அனுப்பியிருக்கான். ஆராய்ச்சின்னா அது எலிக்குப் பண்றதுடா."

"எலிக்குப் பண்ணி முடிச்சிட்டாங்க அண்ணி. அடுத்தது நான்" என்றேன்.

"வாய் மட்டும் குறையல உனக்கு."

திருவள்ளூர்ப் பக்கம் ஒருவர் பச்சிலை அரைத்துக் கட்டுகிறாராம். பொங்கல் முடிந்ததும் என்னை அங்கே கொண்டுபோக வேண்டுமாம். ஆஸ்பத்திரிக்கு இனிமேல் போகக் கூடாதாம். என் கணவர் மறுத்துப் பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வருடமாக ஆஸ்பத்திரி வாசலில் நின்று நின்று அவருக்கும் நம்பிக்கை தேய்ந்துபோயிருந்தது. அது எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் வலித்தது.

கிளம்பும்போது நாத்தனார் சொன்னார். "பொங்கலுக்கு நான் வந்து பானை வெக்கிறேன். நீ உள்ளயே கெட."

எங்கள் வீட்டில் பொங்கல் பானை வைப்பது வீட்டு மருமகளின் கை. வாசலில் கல் அடுப்பு மூட்டி, சூரியன் எழுந்த பிறகு, திறந்த வெளியில்தான் வைக்க வேண்டும். என் மாமியார் கடைசி வரை அவர் கையாலேயே வைத்தார். அவர் இறந்த அடுத்த பொங்கலில்தான் பானை என் கைக்கு வந்தது. பானை கை மாறுவது என்றால் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு. நாத்தனாருக்கும் அது தெரியும். வேண்டுமென்றே சொன்னாரோ, வாய் தவறிச் சொன்னாரோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"பானையை நான்தான் வைப்பேன்" என்றேன்.

"வெயில் பட்டா வெந்துடுவேன்னியே."

"வேகாம வைப்பேன்."

எப்படி என்று எனக்கே தெரியவில்லை. சொல்லிவிட்டேன்.

வழி சொன்னவர் பாய். பூந்தமல்லிக்காரர், தொழிற்சாலையில் என் கணவருக்குப் பக்கத்தில் நின்று வெல்டிங் செய்பவர். இருவருக்கும் பத்து வருடப் பழக்கம். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து இருட்டில் தடவி உட்கார்ந்தார். கதையைக் கேட்டார்.

"இதுக்கா தங்கச்சி இம்மாம் ரோசனை? நாங்க இன்னா பண்றோம்? நாள் பூரா ஆர்க்குக்கு முன்னாடி குந்திகினு கீறோம். அது இன்னா சூரியனுக்குக் குறைஞ்ச வெளிச்சமா? மூஞ்சிக்கு ஷீல்டு, கைக்குத் தோல் கிளவுஸு, நெஞ்சுக்குத் தோல் ஏப்ரான். எனுக்கு எதுனா ஆயிக்கீதா, பாரு."

"உனக்குக் கல்யாணம் ஆனதைத் தவிர ஒண்ணும் ஆகலை பாய்" என்றார் என் கணவர். பல நாள் கழித்து அவர் வாயிலிருந்து வந்த கேலி அது.

பாய் விரல் விட்டு எண்ணினார். ஷீல்டு, கிளவுஸ், ஏப்ரான், கழுத்தைச் சுற்றத் தடித்த துண்டு. கடைசியில், "பூட்ஸும் எடுத்தாரட்டா?" என்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். "பொங்கல் பானைக்கு முன்னாடி பூட்ஸா பாய்?"

அவர் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "தப்பு தாயி, தப்பு. மன்னிச்சுக்கோ. எங்கூட்லயும் தொழுவுற எடத்துல அது நடக்காது." எல்லோரும் சிரித்தோம். அதோடு பூட்ஸை மறந்தோம். டாக்டர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய எச்சரிக்கைத் தாளில் காலுக்கு உறை, ஷூ என்று போட்டிருந்தது. மகள் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாக அதை வாசித்தும் காட்டியிருந்தாள். நாங்கள் மூவருமே அதைக் கேட்டவர்கள்தான். ஆனால் சாமி காரியத்தில் காலுக்கு எதையாவது மாட்டுவது என்பது எங்கள் யாருடைய புத்தியிலும் நுழையவே இல்லை. சேலைதான் பாதம் வரை தொங்குகிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார். அதனால் கேட்கவில்லை. அந்தத் தப்பு என்னுடையது.

பொங்கலன்று காலை குளித்து, கல்யாணப் பட்டை உடுத்தி, அதன்மேல் தோல் ஏப்ரானைக் கட்டிக்கொண்டேன். கைகளில் முழங்கை வரை தோல் உறை. தலையையும் கழுத்தையும் சுற்றித் துண்டு. அதன்மேல் பாய் கொடுத்த ஷீல்டு. கதவைத் திறந்து வெளியே காலை வைத்தேன். எங்கள் லைனில் மதுரைக்காரர்கள் உண்டு, சேலத்துக்காரர்கள் உண்டு, நெல்லைக்காரர்கள் உண்டு. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு பானை. எல்லாக் கண்ணும் என்மேல்.

"ஏன்க்கா, பானைக்கு வெல்டு வெக்கப் போறீங்களா?" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

"உன் வாய்க்குத்தான் முதல்ல வெக்கணும்" என்றேன். ஷீல்டுக்குள் என் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்டது. லைனே சிரித்தது. நாத்தனார் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியாக ஒன்றும் தெரியவில்லை. பானை தெரியவில்லை, அரிசி தெரியவில்லை. அடுப்புத் தீ மட்டும் மங்கலாக ஆடியது. மகள் என் கையைப் பிடித்துப் பானையருகில் கொண்டு வந்தாள். நான் தலையை நிமிர்த்தினேன். சூரியன் தெரிந்தது. பச்சையாக, வட்டமாக, ஓரம் சுத்தமாக, கண் கூசாமல். பிறந்ததிலிருந்து கும்பிட்ட சாமியை அன்றைக்குத்தான் முகத்துக்கு நேர் பார்த்தேன். கையெடுத்துக் கும்பிட்டேன். தோல் உறைகள் ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் வந்தது.

விறகு ஈரம். பால் பொங்கவே வெகு நேரம் எடுத்தது. நெருப்புக்குப் பக்கத்தில் நிற்பதால் வழக்கம்போல் சேலையைக் கொஞ்சம் தூக்கி இடுப்பில் சொருகியிருந்தேன். கை தன்னால் செய்த காரியம் அது. பாதத்தில் சுருக் சுருக்கென்றது. அடுப்புச் சூடு என்று நினைத்தேன். பால் பொங்கி வழிந்தது. பொங்கலோ பொங்கல் என்று எல்லோரும் குரல் கொடுத்தார்கள். நானும் கொடுத்தேன். அப்படி ஒரு குரல் அதற்கு முன்னால் நான் கொடுத்ததில்லை.

மத்தியானம் பாதங்கள் சிவந்தன. மூன்று மணிக்கு எரிச்சல் தாங்கவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குள் பூரி மாதிரி உப்பிக் கொப்புளம் கட்டிவிட்டது. தண்ணீரில் வைத்தாலும் எரிந்தது. மெட்டி சதைக்குள் இறுகி விரல்கள் நீலமாகத் தொடங்கின.

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டார்.

"சொன்னேனே, கேட்டியா? மூஞ்சிய மூடிகினு போய் அவர் முன்னாடி நின்னா சும்மா உடுவாரா? வேசமா கட்டினு போற? சாமி சுட்டுட்டாருடி."

என் கணவர் என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

"மெட்டியை வெட்டுங்க" என்றேன்.

"ஐயோ, நல்ல நாள் அதுவுமா மெட்டியைக் கழட்டுறதா" என்று நாத்தனார் குறுக்கே வந்தார். "புருசன் முழுசா உக்காந்துகினு கீறான்."

"விரல் போயிடும் அண்ணி. விரல் போனா அப்புறம் மெட்டியை எதுல போட? வெட்டுங்கன்னு சொல்றேன்."

என் கணவர் தகடு வெட்டும் கத்திரியைக் கொண்டு வந்தார். வெள்ளி வளையம் இரண்டு விரலிலும் அறுபட்டு விழுந்தது. சின்ன பல்பு வெளிச்சத்தில் நான் குனிந்து பார்த்தேன். பாதம் முழுக்கச் சிவந்து வெந்திருந்தது. மெட்டி இருந்த இடத்தில் மட்டும் ஒரு வளையம். அந்த வளையத்துக்குள் தோல் பழைய நிறத்தில், ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எரிச்சல் மறந்துபோயிற்று.

"அண்ணி, இங்க வாங்க. இந்த விரலைப் பாருங்க. சாமி சுட்டிருந்தா மெட்டியை நகர்த்திட்டா சுட்டாரு? வெயில் பட்ட இடம் வெந்திருக்கு, படாத இடம் வேகலை. உங்க கால் என் காலுக்குப் பக்கத்துல அதே வெயில்லதான் நின்னுச்சு. உங்களுக்கு ஏன் ஒண்ணும் ஆகலை? எனக்குள்ள மருந்து இருக்கு அண்ணி. தண்ணி இல்லை. வெளிச்சம் பட்டா அது எழுந்திருக்குது. கால்லயே இப்படின்னா, நெஞ்சுல அவங்க வெளிச்சம் காட்டின இடத்துல என்ன பண்ணியிருக்கும்?"

நாத்தனார் குனிந்து பார்த்தார். தன் காலையும் பார்த்துக்கொண்டார். என் கணவர் அழுகையை நிறுத்திவிட்டு விரலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "ஆமாக்கா" என்றார். "பெயிண்ட் அடிக்கறப்போ மறைச்சு மாஸ்க் பண்ணி வெச்ச மாதிரி இருக்கு."

அடுத்த நாள் விடிவதற்கு முன் முதல் மின்சார ரயிலில் புறப்பட்டோம். பாதங்களில் ஈரத்துணி சுற்றி, பாய் வந்து ஒரு பக்கம், என் கணவர் ஒரு பக்கம் தாங்கி ஏற்றினார்கள்.

லேடி டாக்டருக்கு என் காலைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. நடந்ததைக் கேட்கக் கேட்கக் கோபம் ஏறியது.

"செருப்பு? சாக்ஸ்? தாள்ல எழுதித்தானே கொடுத்தோம்?"

"பொங்கல் பானைக்கு முன்னாடி எப்படிம்மா?"

அவர் ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். அவர் வீட்டிலும் முந்தின நாள் பொங்கல் வைத்திருப்பார்கள் அல்லவா. காலுக்கு மருந்து போட்டுவிட்டு நெஞ்சுப் பொருக்கை மெதுவாக ஈரப்பஞ்சால் ஒற்றி எடுத்தார். பொருக்கு அடையாக வந்தது. விரலால் தடவினார். ஒருமுறை, இரண்டுமுறை. ஐந்து மிளகுகள் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. அக்குளோரத்தில் இரண்டு மட்டும் அப்படியே இருந்தன. கை மடிப்பு மறைத்ததால் அந்த இடத்தில் வெளிச்சம் சரியாகப் படவில்லை என்றார். இன்னொரு முறை மருந்து ஏற்றி அங்கே காட்டினால் போகலாம்.

"எப்போ ஏத்துவீங்க?" என்றேன்.

"பெரிய டாக்டர்தான் சொல்லணும்."

பெரிய டாக்டர் வந்தார். கண்ணாடி போட்டவர், நரைத்தவர். என் காலைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் என் கணவரிடம் பேசினார்.

"சாரி. சொன்னதைக் கேக்காதவங்களை இந்த ஆராய்ச்சியில வெச்சுக்க முடியாது. இது விளையாட்டு இல்லை. இவங்க பேரை எடுத்துடறேன்."

அக்குளில் இருந்த இரண்டும் எனக்குள் கனத்தன. பேரை எடுத்துவிட்டால் எனக்குத் திருவள்ளூர்ப் பச்சிலைதான். என் கணவர் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார். அவரைப் பேச விட்டால் மன்னிப்புக் கேட்பார், கேட்டுவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார்.

"ஐயா, என்கிட்ட பேசுங்க" என்றேன். "கையெழுத்து நான்தான் போட்டேன்."

திரும்பிப் பார்த்தார்.

"நாற்பது நாள் சொன்னீங்க. இருபத்திரண்டு நாள் வெயிலே பாக்காம இருந்தேன். சாமிக்காக ஒரு வேளை போனேன். அதுவும் தலையிலேருந்து முழங்கால் வரைக்கும் மூடிக்கிட்டுப் போனேன். வெந்தது என் கால். உங்களை ஒண்ணும் கேக்கலை. தப்பு என்னுதுன்னு ஒத்துக்கறேன். ஆனா தப்பு பண்ணினவளுக்கு மருந்து வேலை செய்யாதா? அஞ்சு போயிருக்குதே."

"அம்மா, விதின்னு ஒண்ணு இருக்கு."

"இருக்கட்டும் ஐயா. எழுதி வெச்ச விதியில பொங்கல் வருமான்னு யாராவது கேட்டிருந்தா நான் அன்னிக்கே சொல்லியிருப்பேனே. மார்கழியில ஊசி போட்டா நடுவுல தை பொறக்கும்னு இந்த ஊர்ல யாருக்குத் தெரியாது?"

லேடி டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரித்தாரா என்று தெரியவில்லை. பெரிய டாக்டரின் கண் என் கால்மேல் போயிற்று. குனிந்தார். மெட்டி இருந்த வளையத்தை உற்றுப் பார்த்தார். லேடி டாக்டரிடம் ஆங்கிலத்தில் என்னவோ கேட்டார். அவர் பதில் சொன்னார். பிறகு ஒருவர் கேமராவோடு வந்தார்.

"இதை ஒரு போட்டோ எடுத்துக்கறோம்மா. எங்களுக்கு உபயோகப்படும். முகம் வராது, பேர் வராது."

நான் சேலையை இழுத்து இரண்டு பாதத்தையும் மூடிக்கொண்டேன். கொப்புளத்தில் சேலைக் கரை உரசி உயிர் போயிற்று. ஆனாலும் சேலையை விலக்கவில்லை.

"நான்தான் உங்க ஆராய்ச்சியில இல்லையே ஐயா. அப்புறம் என் கால் எதுக்கு?"

என் கணவர் என் தோளைத் தொட்டார், விடு என்பதுபோல். நான் விடவில்லை. என்னிடம் கொடுப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. வெந்த கால் ஒன்றுதான் இருந்தது.

"ரெண்டாவது ஊசிக்குத் தேதி எழுதுங்க. எழுதினதும் எடுத்துக்கங்க. எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கங்க."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்தம்மா என்ன படிச்சிருக்காங்க?" என்று என் கணவரைக் கேட்டார்.

"எட்டாவது" என்றேன், நானே.

அவர் உட்கார்ந்து என் தாளில் தேதி எழுதினார். மாசி மாதம். கால் ஆறினால் மட்டும், என்று அடியில் ஒரு வரி சேர்த்தார். அதை லேடி டாக்டரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். கேட்ட பிறகுதான் சேலையை விலக்கினேன்.

மாசியில் இரண்டாவது முறை ஏற்றினார்கள். கையைத் தலைக்குமேல் தூக்கிக் கட்டி, அக்குளைத் திறந்து வைத்து, அந்தச் சிவப்பைக் காட்டினார்கள். எரிந்தது. இந்தத் தடவை போற்றி சொல்லவில்லை. "பாத்துக்கிட்டே இரு, போகக் கூடாது" என்று மட்டும் அம்மனிடம் சொன்னேன். மறுபடி நாற்பது நாள் உள்ளே இருந்தேன், வீட்டுக்குள்ளும் சாக்ஸோடு. பங்குனியில் பொருக்கு உதிர்ந்தது. லேடி டாக்டர் தடவிப் பார்த்தார். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். தழும்புதான் இருந்தது.

இதோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் எழுத மாட்டேன். பிறகும் ஒரு முறை கழுத்தோரத்தில் ஒன்று வந்தது, அதைக் கத்தியால் எடுத்தார்கள். இன்னும் வந்தாலும் வரும். அது வரும்போது நான் இருப்பேன்.

அந்தப் பங்குனியில் நாத்தனார் பார்க்க வந்தார். வெற்றிலை பாக்கும் பூவும் கொண்டு வந்திருந்தார். பச்சிலைக்காரரைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எப்படி இருக்கே என்று கேட்டார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து ரவிக்கை ஊக்கைக் கழற்றினேன்.

"ஐய, இன்னாடி பண்றே? வேணாம்."

"தொட்டுப் பாருங்க அண்ணி."

"நான் நம்பறேன்டி, வேணாம்."

அவர் கையைப் பிடித்து இழுத்துத் தழும்பின்மேல் வைத்தேன். ஓரத்திலிருந்து அக்குள் வரை, ஒவ்வொரு இடமாக நகர்த்தினேன். அவர் உள்ளங்கை வேர்த்திருந்தது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். நான் விடவில்லை. ஏழு இடத்தையும் தொட்டு முடித்த பிறகுதான் விட்டேன்.